கையைத் தூக்கச் சொன்னால் ராசாங்கம் சொல்வது

சென்ற மாதம் நான் வேலை பார்த்த பழைய டிராவல்ஸ் ஆபீஸுக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் பவித்ரா, ஒரு பயணியின் கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள். நூறு மில்லிக்கு மேல் போகக்கூடாதாம். பயணி முறைத்தார். அவள் போனில் பையில் எதெது போகக்கூடாது என்று காட்டும் ஒரு வீடியோவைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் பாட்டிலை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்க காலத்துல இந்தத் தொல்லையே இருந்திருக்காதுல்ல சார்? கட்டுன மூட்டையோட ஏறிப் போயிருப்பாங்க" என்றாள் பவித்ரா.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் பையைக் கொட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ஓய்வும் பெற்றவன் நான். எங்களுக்குத் தொல்லை இல்லையாம். இருந்த தொல்லையைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள், டிராவல்ஸ்காரர்கள் சங்க மலரில் போடுவோம் என்றாள். எழுதியிருக்கிறேன். பவித்ராவைப் போன்ற பிள்ளைகள் படித்தால் போதும். பயணிகள் படிக்க மாட்டார்கள். அவர்கள் எதையுமே படிப்பதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பி.ஏ. முடித்தபோது, தாசில்தார் ஆவேனா கலெக்டர் ஆவேனா என்பதில்தான் எங்கள் தெருவில் கருத்து வேற்றுமை இருந்தது. இரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு மனு எழுதினேன். அரசாங்கம் ஒரு மனுவுக்கும் பதில் எழுதவில்லை. எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் இருந்த சம்சுதீன் பாயின் டிராவல்ஸில் சேர்ந்தேன். அப்போது சுற்றுவட்டாரத்தில் இருந்து வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். பாஸ்போர்ட் பாரம் பூர்த்தி செய்ய ஒருவன் வேண்டும் என்றுதான் பாய் என்னை எடுத்தார். பாரத்தைவிட அவர்களுடைய பைதான் பெரிய பாடு என்பது பிறகுதான் தெரிந்தது. என் அப்பா கடைசிவரை ஊரில், மகன் ஏரோப்ளேன் ஆபீஸில் இருக்கிறான் என்றே சொல்லிவந்தார். எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தால் துறையூர் பஸ் தெரியும்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, 'பி.ஏ.' என்றுதான் கூப்பிடுவார். "பி.ஏ., டீ சொல்லு." "பி.ஏ., ஃபேன நிப்பாட்டு." நான் படித்த படிப்பு இவ்வளவு தடவை வேறெங்கும் உச்சரிக்கப்பட்டதில்லை. ஊரையே விமானத்தில் ஏற்றி அனுப்பிய அந்த மனுஷன் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. பயம். அதை மறைக்கவும் மாட்டார். "கீழ நிக்கிறவன் ஒருத்தன் வேணும்லப்பா" என்பார்.

ஏறாவிட்டாலும் அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று நாங்கள் நம்பினோம். லீவில் வரும் ஒவ்வொருவனையும் பிடித்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். சவுதி எப்படி, சம்பளம் எப்படி என்று கேட்க மாட்டார். எந்த இடத்தில் பையை வாங்கினான், எதை எடுத்து வெளியே போட்டான், என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்பார். விமானக் கடத்தல் செய்தி பேப்பரில் வந்துவிட்டால் போதும், இனிமேல் என்னென்ன பிடுங்குவார்கள் என்று அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எங்கள் முறை இது. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் பயணி பையோடு வர வேண்டும். ஜமுக்காளத்தை விரித்துப் பையைத் தலைகீழாகக் கொட்டுவேன். கொட்டியதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் பெட்டியோடு போவது 'வயிறு'. கையோடு வைத்துக்கொள்வது 'மடி'. போகவே கூடாதது 'வூடு'. கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி வயிற்றுக்கு. தீப்பெட்டி, சூடம் வீட்டுக்கு. டார்ச் லைட்டு மடிக்குப் போகலாம், ஆனால் பேட்டரிக் கட்டையைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரையும் எண்ணெயையும் அப்போது யாரும் சீண்டுவதில்லை. ஆனால் மிளகாய்த் தூளை மடியில் வைக்கக்கூடாது. கண்ணில் வீசினால் ஆகாதாம். எங்கள் ஊர் அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விமானத்தையே கடத்திவிடலாம்.

இதில் பாய் போட்ட ஒரு சட்டம் உண்டு. எந்தச் சாமானையும் நாங்கள் கையால் எடுத்து வேறு குவியலில் வைக்கக்கூடாது. "இது எதுக்கு?" என்று கேட்க வேண்டும். அவன் பதில் சொல்வான். மறுபடியும் "எதுக்கு?" என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அவனே எடுத்து நகர்த்துவான். நாம் எடுத்து வைத்தால், படி இறங்கியதும் திருப்பி உள்ளே வைத்துவிடுவான். அவனாக எடுத்தால் வைக்க மாட்டான். பவித்ராவின் வீடியோ எங்கே தோற்றது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஜெயங்கொண்டத்துப் பையன் ஒருவன், ஓட்டல் வேலைக்குப் போகிறவன், அரிவாள்மணையை வாழை இலையில் சுற்றி மடிப்பையில் வைத்திருந்தான். எதுக்கு என்றேன். வெங்காயம் அரிய என்றான். வானத்தில் வெங்காயம் எதுக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பசித்தால் என்றான். ஏலாக்குறிச்சியில் இருந்து வந்தவர் மாதா கோயில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வைத்திருந்தார். விமானம் ஆடினால் உடனே ஏற்றத்தானாம். சாமி சமாச்சாரத்தில் பாய் எல்லா மதத்துக்கும் ஒரே மரியாதைதான் கொடுப்பார். சூடமானாலும் மெழுகுவர்த்தியானாலும் தர்காவில் மந்திரித்த ஊதுபத்தியானாலும், "எதுக்கு?" என்பார் முகத்தை மாற்றாமல்.

குவியல் முடிந்தால் ஒத்திகை. இடித்த வீட்டில் இருந்து வாங்கிவந்த ஒரு கதவு நிலைச்சட்டத்தை, ஏர்போர்ட்டின் சோதனை வாசலாகச் சுவரோரம் நிறுத்தியிருந்தோம். பயணி அதற்குள் நுழைந்து வர வேண்டும். பக்கத்தில் டீத்தூள் வந்த மரப்பெட்டி ஒன்று, அதுதான் எக்ஸ்ரே. பையை அதற்குள் ஒரு பக்கமாகத் தள்ளினால் பாய் மறுபக்கம் குனிந்து பார்த்து, "உள்ள கத்தரிக்கோல் தெரியுது" என்பார். தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்வதுதான். பலபேர் நடுங்கிப்போய் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நான் போலீஸ்காரனாகி, மர ஸ்கேலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பேன். இதை நான் விளையாட்டாகச் செய்ததே இல்லை. விறைப்பாக நின்று, மூக்கால் மூச்சுவிட்டு, நிஜப் போலீஸ் மாதிரியே செய்வேன். கீழே சைக்கிள் கடைக்காரர்கள் படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இப்படி எத்தனையோ பேரை அனுப்பிவைத்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ராசாங்கம் ஒருவரைத்தான் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் வேட்டு வைக்கும் இடத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும், கருங்கல் மாதிரி ஆள், பேச்சு மட்டும் பூனை மாதிரி. கட்டிட வேலைக்கு விசா வந்திருந்தது. குவாரியில் கணக்கு முடித்து, தன் இடத்தை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். மச்சான் வேலையிலும் சேர்ந்தாயிற்று. இனி இவர் திரும்பிப் போனால் அங்கே இடமில்லை. விசாவுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் போட்ட அந்த விமானத்தை விட்டால் விசா செத்துவிடும். போதாததற்கு அவர் ஊரிலேயே, முன்னால் ஒருத்தன் மீனம்பாக்கம் வரை போய் ஏதோ கோளாறில் திரும்பி வந்திருந்தான். அவனுக்கு அன்றிலிருந்து பெயரே 'பிளேன்'. அவன் ஆட்டுக்குட்டியைக்கூட பிளேன் வூட்டு ஆடு என்றார்கள்.

ராசாங்கம் மனைவி அஞ்சலையோடு வந்தார். கையில் ஒரு கூடை. மஞ்சளும் சிவப்புமாகப் பளபளவென்று, அவ்வளவு அழகான ஒயர்க் கூடையை நான் பார்த்ததில்லை. அதுதான் மடிப்பையாம். கொட்டினேன். துண்டு, பனியன், மாத்து வேட்டி, எலுமிச்சை ஊறுகாய். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கூடை நல்லா இருக்கே, எந்தக் கடையில் ஒயர் வாங்கினீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"கடையில எங்க வாங்குறது. கேப்பு ஒயருங்க" என்றாள் அஞ்சலை பெருமையாக. "வேட்டு வெடிச்சதும் செதறிக் கெடக்கும்ல, அத இவரு பொறுக்கியாருவாரு. எங்க ஊருல கட்டிலே இதுலதான் பின்றது."

பாய் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்தது தொழுகைக்குத்தான். கேப்பு என்றால் டெட்டனேட்டர். அதில் மாட்டிய ஒயரால் பின்னிய கூடையை ஒருத்தர் விமானத்துக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார். அப்போதும் தன் சட்டத்தை அவர் மீறவில்லை. மெதுவாக, "இது எதுக்கும்மா?" என்றார்.

"சாமான் வைக்கத்தான்."

"அங்க ஒருத்தன் என்ன ஒயருன்னு கேப்பான். ஒம்புருசன் என்ன சொல்லுவாரு?"

அஞ்சலை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "வேட்டு ஒயருன்னுதான் சொல்லுவாரு. அவருக்கு மாத்திச் சொல்லத் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுத் தானே கூடையை எடுத்து வீட்டுக் குவியலில் வைத்தாள். கெட்டிக்காரி. சாமான்களை ரெக்சின் பை ஒன்றுக்கு மாற்றினோம். இதோடு முடிந்தது என்று நினைத்து ஒத்திகைக்கு எழுப்பினேன்.

ராசாங்கம் நிலைச்சட்டத்துக்குள் நுழைந்து வந்தார். கையைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார். தூக்கியதும் அந்தப் பூனைக் குரல் போய், மைதானத்தில் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது, பாட்டுபோல ஒரே இழுப்பில்:

"வெடிமருந்து இல்லீங்க, கேப்பு இல்லீங்க, திரி இல்லீங்க."

ஸ்கேல் என் கையில் இருந்து விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் பாறை வரும். ஒரு கேப்பும் கொஞ்சம் மருந்தும் கிடைத்தால் வேலை சுலபம். அதனால் குவாரியில் இருந்து எவனாவது இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவான் என்று சாயங்காலம் கேட்டில் எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லி வாட்ச்மேன் சோதிப்பான். தூக்கும்போதே இந்த மூன்றையும் இல்லையென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். குவாரிக்குப் போன முதல் நாளில் இருந்து தினமும் சொன்னவர் ராசாங்கம். அவருக்கே தெரியாமல் வருகிறது. சொன்னீர்களே என்றால், "சொன்னனா?" என்கிறார்.

"வூட்டுல சட்டை கழட்டக் கையத் தூக்குனாக்கூட சொல்லுவாருங்க" என்றாள் அஞ்சலை. "புதுசுல நான் பயந்தே பூட்டேன்."

வைத்தியம் ஆரம்பித்தது. தினமும் அரியலூரில் இருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். கையைப் பாதி மட்டும் தூக்கச் சொன்னோம். பாதிக் குரலில் சொன்னார். வாயில் வெற்றிலையை அடைத்தோம். சொன்னார், என் சட்டை பாழானது. அப்துல் காதர் என்று ஒரு சமையல்காரர் லீவில் வந்திருந்தார், அதே விமானத்தில் திரும்பிப் போக வேண்டியவர், அனுபவஸ்தர் என்று கூப்பிட்டோம். அவர் ராசாங்கம் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றித் தரும்படி பாயிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் நான்தான். கையைத் தூக்கும்போது என் முகத்தையே பார்க்கச் சொன்னேன். நான் விரலை உதட்டில் வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்தால் அவர் உதடும் ஒட்டிக்கொண்டது. முதலில் பத்துக்கு ஒன்று, பிறகு பாதிக்குப் பாதி, கிளம்பும் வாரத்தில் விரல்கூட வேண்டியதில்லை, என் முகத்தைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டு அமைதியாக நின்றார். பாய் என் தோளைத் தட்டினார். நான் வாங்கிய பி.ஏ. பட்டத்தைவிட அது கனமாக இருந்தது.

மீனம்பாக்கத்துக்கு அவரோடு நானே போனேன். பெட்டி வயிற்றுக்குப் போயிற்று. சோதனைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே நடந்தேன். ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டி என்னைத் தடுத்தார். அதற்கு மேல் பயணிகள் மட்டும்தானாம். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் சோதனை. அங்கே ராசாங்கம் கையைத் தூக்கும்போது அவருக்கு எதிரே என் முகம் இருக்காது. இத்தனை பேரைக் குடைந்து கேட்ட பாய், வழியனுப்ப வந்தவன் எந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று பி.ஏ. படித்தவனுக்கும் தோன்றவில்லை.

ராசாங்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டது, குவாரி மைதானத்துக் குரல், ஒரே இழுப்பில், மூன்றும். அப்புறம் வரிசை நகரவில்லை.

"இவங்கூட வந்தவன் யாருய்யா?" என்று ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர். ராசாங்கம் உள்ளேயிருந்து, அந்தத் தம்பியக் கேளுங்க என்று என்னைக் காட்டியிருக்கிறார்.

உள்ளே போனேன். ரெக்சின் பை மேஜையில் தலைகீழாகக் கொட்டிக் கிடந்தது. ஊறுகாயை ஒரு குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் எலுமிச்சையைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன சொல்லிக்குடுத்து அனுப்புறீங்க இவனுக்கு?"

"சொல்லக்கூடாதுன்னுதான் சார் சொல்லிக்குடுத்தோம்" என்றேன். சத்தியமான வார்த்தை. அதைவிட மோசமாக அந்த இடத்தில் எதையும் சொல்லியிருக்க முடியாது.

"எதச் சொல்லக்கூடாதுன்னு?"

குவாரியில் ஆரம்பித்து, கேட், வாட்ச்மேன், கிணற்றுப் பாறை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இன்ஸ்பெக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கதை நல்லா இருக்கு என்றார். விமானத்துக்குக் கூப்பிடும் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் வேறு வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். ராசாங்கம் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்தக் கதவு வழியாகப் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மறுபடியும் கையத் தூக்கச் சொல்லுங்க" என்றேன். "பொய்யா இருந்தா இந்த தடவ மாத்திச் சொல்லுவாரு, இல்ல சொல்ல மாட்டாரு. பழக்கமா இருந்தா அதே மூணும் அதே மாதிரி வரும். நீங்களே பாருங்க."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் கையைத் தூக்கச் சொன்னார். ராசாங்கம் தூக்கினார். தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்த்ததும் உதடு இரண்டும் கோந்து போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு ஒழுங்காக நின்றார் தெரியுமா. ஒத்திகையில்கூட அவ்வளவு சுத்தமாக நின்றதில்லை.

"இப்ப ஏன் சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர். என்னைத்தான் கேட்டார்.

நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் எதிரே நின்று அவரைக் கொன்றுகொண்டிருந்தது. ராசாங்கத்தின் கண்ணைப் பார்த்தால், நான் சரியாகச் செய்கிறேனா தம்பி என்று கேட்பதுபோல இருந்தது.

"சார், நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன் சார். என்னப் பாத்தா வராது. இன்னும் ஒரு தடவ."

சரி என்றாரா, இல்லை என்றாரா என்று காத்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எதிரே வெள்ளையடித்த சுவர், அதில் ஒரு ஆணி. ஆண்டவனே, நாங்கள் கற்றுக்கொடுத்தது எல்லாம் இவருக்கு மறந்துபோகட்டும் என்று அந்த ஆணியைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கான்ஸ்டபிள் சொல்வது கேட்டது, தூக்குய்யா என்று. துணி சரசரத்தது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அப்புறம்,

"வெடிமருந்து இல்லீங்க, கேப்பு இல்லீங்க, திரி இல்லீங்க."

"எறக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "தூக்கு."

மறுபடியும் வந்தது. ஒரு எழுத்து மாறாமல், அதே இழுப்பு, 'திரி'யில் அதே ஏற்றம். மூன்றாம் தடவை தூக்கச் சொன்னபோது கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். பக்கத்து வரிசையில் நின்ற யாரோ, அவருக்கு முந்திக்கொண்டு 'திரி இல்லீங்க' என்று முடித்துவைத்தார்கள்.

"போய்யா, போய் ஏறு" என்றார் இன்ஸ்பெக்டர். நான் திரும்பியபோது ராசாங்கம் ஊறுகாயைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாரே என்று நானும் பயந்துகொண்டுதான் நின்றேன்.

ராத்திரி பஸ் பிடித்து விடிந்ததும் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். பாய் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே அஞ்சலை வந்து, அவர் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏறிட்டாரா?" என்றார்.

"ஏறிட்டாரு பாய்."

அஞ்சலை முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாய் விடவில்லை. "நம்ம சொல்லிக்குடுத்தது?" என்றார்.

"சுத்தமா தோத்துப்போச்சு பாய்."

கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.